கரையேறியவள்

மூன்றாவது வீட்டு வாசலிலும் அதே பேச்சைக் கேட்டபோதுதான் அட்ராக்டா கில்டேக்கு விஷயம் உறைத்தது.

முதல் வீட்டில் அந்தப் பேச்சு அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. கையெல்லாம் ரொட்டி மாவோடு கதவைத் திறந்த பெண், "அட, இந்த மழையில நீங்க எதுக்கு அலையறீங்க? நீங்கதான் கரையேறிட்டீங்களே!" என்றாள். இருபது வருஷமாக டிரம்லாராவின் கவுன்சிலராக இருப்பவளிடம் ஊர் காட்டும் பிரியம் என்று அட்ராக்டா அதைச் சிரித்தபடி வாங்கிக்கொண்டாள். இரண்டாவது வீட்டில், வேலிச் செடியை வெட்டிக்கொண்டிருந்த பெரியவர், "உங்களுக்கென்ன குறை, கரையேறின ஆளு," என்றார். அதுவும் பிரியம்தான். மூன்றாவது வீட்டில் பல் துலக்கும் பிரஷைக் கன்னத்தில் ஒதுக்கியபடி ஒரு இளைஞன் விவரமாகச் சொன்னான்.

"நீங்க எப்படியும் ஜெயிச்சுடுவீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் ஒண்ணாம் நம்பரை டர்க்கனுக்குக் குடுத்துட்டு, ரெண்டை உங்களுக்குப் போடலாம்னு இருக்கோம். ஒரே கட்சிதானே, உங்களுக்கும் சந்தோஷம்தானே?"

"ரொம்ப சந்தோஷம்," என்றாள் அட்ராக்டா.

தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்த பயஸ் டான்சி, பன்றி இறைச்சி வைத்த சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அட்ராக்டா நின்ற ஒவ்வொரு தேர்தலிலும் அவர்தான் டிரைவர், அவர்தான் படைத்தளபதி.

"பயஸ், நான் கரையேறிட்டேனாம்."

பயஸ் மெல்வதை நிறுத்தினார். "யாரு சொன்னா?"

"மூணு வீட்டுலயும் சொல்றாங்க."

"போச்சு." அவர் சாண்ட்விச்சைத் திரும்பத் தாளில் சுற்றினார். "நம்ம ஊர்ல ஒரு அரசியல்வாதியைத் தோக்கடிக்கணும்னா அவனைத் திட்டக் கூடாது அட்ராக்டா. திட்டினா ஜனங்க பாவப்பட்டு ஓட்டுப் போட்டுடுவாங்க. 'அவனுக்கு என்னப்பா, ஜெயிச்சாச்சு'ன்னு நாலு வாசல்ல சொல்லணும். அவ்வளவுதான். ஆளு காலி."

அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சில்லை. ஓட்டுச்சீட்டில் பெயர்களுக்கு நேரே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போடுவது அந்த நாட்டு வழக்கம். ஒன்று என்பதுதான் ஓட்டு. இரண்டு என்பது உயில் மாதிரி. ஒன்று வாங்கியவர் போட்டியிலிருந்து விழுந்த பிறகுதான் அதற்கு உயிர் வரும். ஊரே திரண்டு ஒருத்திக்கு இரண்டாம் எண்ணை அள்ளிக் கொடுத்தால், எல்லோருக்கும் பிடித்தவளாக இருந்துகொண்டே அவள் தோற்றுப்போகலாம்.

பல கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுக்கும் அந்தத் தொகுதியில் கட்சி இரண்டு பேரை நிறுத்தியிருந்தது. அட்ராக்டா ஒருத்தி. மாட்டுச் சந்தையை நடத்தும் கோல்மன் டர்க்கன் இன்னொருவன். இருவரும் ஒருவர் மடியில் ஒருவர் கைவைத்துவிடக் கூடாதென்று கட்சித் தலைமை ஆற்றையே எல்லையாகப் போட்டிருந்தது. பாலத்துக்குக் கிழக்கே அட்ராக்டாவுக்கு ஒன்று, கோல்மனுக்கு இரண்டு. மேற்கே அவனுக்கு ஒன்று, இவளுக்கு இரண்டு. பாலம் தாண்டி யாரும் கதவு தட்டக் கூடாது. கட்சிக்கு இரண்டு இடமும் கிடைக்கும் என்று மேடையில் பேசினார்கள். ஒன்று கிடைத்தால் பெரிசு என்று காருக்குள் பேசினார்கள்.

இப்போது அவள் தட்டிய மூன்று கதவும் கிழக்கே இருந்தவை.

அட்ராக்டாவுக்குப் பிள்ளைகள் இல்லை. கணவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. கடைவீதியில் அவளுக்கு ஒரு துணிக்கடை உண்டு. பள்ளிச் சீருடையும், முதல் நற்கருணைக்குக் குழந்தைகள் போடும் வெள்ளை உடுப்பும் விற்கும். மற்றதெல்லாம் அலமாரியிலேயே கிடந்து நிறம் மங்கும். கவுன்சிலர் என்ற சொல்லை எடுத்துவிட்டால் தன் நாளில் என்ன மிஞ்சும் என்று அவள் யோசிப்பதில்லை. யோசிக்கப் பயம். காலையில் தேவாலயத்தில் பூசை, மாலையில் கடைக்கதவைப் பூட்டுவது. நடுவில் இருக்கும் பொழுதெல்லாம் யாருக்காவது வீடு, யாருக்காவது மருத்துவ அட்டை, யார் வீட்டு வாசலுக்காவது சக்கர நாற்காலி ஏறும் சாய்வுப் பாதை. அதை அவள் சேவை என்று சொல்லிக்கொண்டதில்லை. அதுதான் அவள் பிழைப்பு, அதுதான் அவள் ஜெபம்.

கோல்மனை அவள் ஒரு சாவில்தான் பிடித்தாள்.

கிழக்குக் கரையின் பழைய விவசாயி மாலக்கி ஃபின்னன் இறந்து, அவரை இறுதிச் சடங்குக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கைகொடுத்து வருத்தம் சொல்ல வந்தவர்களின் வரிசை மழையில் சுவரோரமாக வளைந்து நின்றது. அட்ராக்டா போய்ச் சேர்ந்தபோது, அவளுக்கு முன்னால் நின்ற ஆள் திரும்பினான். கறுப்பு டை, ஈரத்தலை, மரியாதையான முகம்.

"ஆத்துக்கு இந்தப் பக்கம் உனக்கு என்ன வேலை, கோல்மன்?"

"வருத்தம் சொல்ல வந்தேன் அட்ராக்டா. சாவுக்கு ஏது அந்தக்கரை இந்தக்கரை?"

"மாலக்கிய உனக்குத் தெரியுமா?"

"என் சந்தையில ரெண்டு கன்னுக்குட்டி வித்திருக்காரு."

"எந்த வருஷம்?"

பின்னால் நின்ற ஒருவர் தொண்டையைச் செருமினார். "விடுங்க கவுன்சிலர். மாலக்கி கெட்டிக்காரன். தேர்தல் நேரமாப் பாத்து கண்ணை மூடினான். ஆவணியில போயிருந்தா நாங்க நாலு பேருதான் வந்திருப்போம்." வரிசையில் சிரிப்பு எழுந்து, இடத்தை நினைத்து அடங்கியது.

அட்ராக்டா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் கரையேறிட்டேன்னு நீதான் சொல்லிட்டுத் திரியறியாமே?"

"புகழ்ந்துதானே பேசறேன்? 'அட்ராக்டாவை யாராலயும் அசைக்க முடியாது, ஊருக்கே தாய் மாதிரி'ன்னு சொல்றேன். இதுல ஒரு கெட்ட வார்த்தை இருந்தாக் காட்டுங்க."

"ஒண்ணும் இல்ல. அதான் நல்லா வேலை செய்யுது."

அவன் மறுபடி பேச ஆரம்பித்தபோது மேடைக் குரல் போயிருந்தது. "நம்ம கட்சிக்கு ஒரு இடம்தான் இருக்கு. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீங்க இருபது வருஷம் உக்காந்தாச்சு. சந்தையை மூடப் போறாங்க அட்ராக்டா. எனக்கு மூணு பிள்ளைங்க."

"பிள்ளை இல்லாதவளுக்கு எதுவும் வேண்டியதில்ல. அப்படித்தானே?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லலதான். நீ கெட்டதா ஒரு வார்த்தை சொல்ல மாட்டியே."

வரிசை நகர்ந்து அவர்களை உள்ளே கொண்டுபோயிற்று. சவப்பெட்டிக்கருகே உட்கார்ந்திருந்த மாலக்கியின் மனைவியிடம், "உங்க துக்கத்துக்கு வருந்துறேன்," என்று அவன் சொன்னான். அதே வார்த்தைகளை அவளும் சொன்னாள். அந்த அம்மாள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்களே. இந்தக் காலத்துல அரசியல்ல இப்படி ஒத்துமையை யாரு பாத்தா," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கையை உதற இருவராலும் முடியவில்லை.

அதன்பின் பயஸ் ஒரு வழி சொன்னார். வாக்குப்பதிவுக்கு முன்தினம், காரில் வைத்து.

"பிரெண்டன் குடியிருப்புதான் நம்ம உசிரு. அந்த ஓட்டுப் பெட்டி நமக்கு விழுந்தா ஜெயிச்சோம். விழலேன்னா மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்தக் குடியிருப்புக்கு வாய் யாரு? பீனா லாஃப்டஸ். காலைப் பூசை முடிஞ்சா பாதிப் பொம்பளைங்க அவ சமையலறையிலதான் டீ குடிக்கறாங்க. நான் முப்பது வருஷம் அங்க தபால் போட்டேன். பீனாவோட வேகம் எனக்கு வரல. இப்பப் போய், 'பீனா, நான் முழுகிக்கிட்டிருக்கேன், உங்க எல்லாரோட ஒண்ணாம் நம்பரும் எனக்கு வேணும்'னு சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள அத்தனை வீட்டுக்கும் போயிடும்."

"நான் யார்கிட்டயும் ஓட்டுக் கேட்டதில்ல பயஸ்."

"தெரியும். முட்டிவலி எப்படி இருக்கு, பையன் பரீட்சை எழுதினானான்னுதான் கேப்பீங்க. இந்தத் தடவை ஓட்டைக் கேளுங்க. முடிஞ்சாக் கொஞ்சம் அழுங்க."

"அழ வராது."

"வெங்காயம் வாங்கித் தரட்டுமா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான். கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். பிச்சை எடுப்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? இயேசுவே கிணற்றடியில் தண்ணீர் கேட்டாரே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பீனாவின் பின்கதவைத் தள்ளினாள்.

சமையலறை சூடாக இருந்தது. அடுப்பின் மேல் கெண்டி முணுமுணுத்தது. திரு இருதயப் படத்தின் கீழே சிவப்பு விளக்கு எரிந்தது. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து பீனா ஊன்றுகோலோடு அந்த ஓர் அறைக்குள்தான் நடமாடுகிறாள். ஆனால் வாய்க்கு ஊன்றுகோல் தேவைப்படவில்லை.

"வா கண்ணு, வா! உன்னைத்தான் நினைச்சேன். உக்காரு. இப்பத்தான் சோடா ரொட்டி இறக்கினேன். வெண்ணெயைத் தாராளமாப் பூசு, வெண்ணெயைப் பாத்துப் பயந்தவ எவளும் உருப்பட்டதில்ல."

"பீனா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு வந்தேன்."

"முதல்ல நான் சொல்றதைக் கேளு. உனக்கு ஒரு நல்லது பண்ணியிருக்கேன்." பீனாவின் முகம் பூரித்தது. "அந்த டர்க்கன் பையன் வந்தான். இதோ இந்த நாற்காலியிலதான் உக்காந்தான். மூணு பிள்ளைங்க, சந்தையும் போயிடும்போல இருக்குன்னு கண்ணு கலங்கிட்டான். உன்னைப் பத்தி எப்படிப் பேசினாங்கற! 'அட்ராக்டா மலை மாதிரி நிக்கறாங்க, அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, எனக்குத்தான் கொஞ்சம் இடறுது'ன்னான். எனக்கு மனசு கேக்கல. நான் நடக்க முடியாதவ, தபால்லதானே ஓட்டு. அவனுக்கு ஒண்ணு, உனக்கு ரெண்டு போட்டு அனுப்பிட்டேன். 'அட்ராக்டா இதைக் கேட்டா சந்தோஷப்படுவா, அவ மனசு எனக்குத் தெரியும்'னு அவன்கிட்டயே சொன்னேன்."

அட்ராக்டாவின் கையில் இருந்த கத்தி வெண்ணெய்மேல் நின்றது.

"நாளைக்குக் காலையில பொம்பளைங்க வருவாங்க," என்று பீனா தொடர்ந்தாள். "அவங்களுக்கும் சொல்லலாம்னு இருந்தேன். நீ வந்ததும் நல்லதாப் போச்சு, உன்னையே கேட்டுக்கலாம்." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "ஏன் கண்ணு முகம் இப்படிப் போச்சு?"

"ஒண்ணும் இல்ல."

"அட்ராக்டா." ஊன்றுகோலின்மேல் இருந்த கிழவியின் கை நடுங்கத் தொடங்கியது. "நான் தப்புப் பண்ணிட்டேனா? உனக்கு நான் கெடுதல் பண்ணிட்டேனா?"

அந்த நடுக்கத்தை அட்ராக்டா அறிவாள். பீனாவின் கணவர் ஜார்லத், ஒரு குளிர்கால மாலையில் ரொட்டி வாங்கப் போனவர். வீட்டில் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று அனுப்பியவள் பீனா. பாலத்தில் உறைபனியில் கார் வழுக்கிற்று. அதற்குப் பிறகு வெகுகாலம் அந்தப் பெண் சாப்பாட்டு மேசையில் ரொட்டியைத் தொட்டதில்லை. "நான் அனுப்பாம இருந்திருந்தா," என்று ஆரம்பிப்பாள், முடிக்க மாட்டாள். கடையை அடைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க தப்பு இல்ல பீனா, பனியோட தப்பு," என்று அட்ராக்டா எத்தனை மாலைகள் சொன்னாளோ. பிறகு ஒருநாள் பீனா தானே மாவு பிசைந்தாள். இன்று மேசையில் இருக்கும் சூடான ரொட்டி அப்படி வந்தது.

உண்மையைச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். சொன்னால் குடியிருப்பு முழுக்க அவளுக்குத் திரும்பும். பீனா அழுதுகொண்டே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவாள். பிறகு ஜெயித்தாலும் தோற்றாலும், இந்தப் பாவமும் அவள் கணக்கில் ஏறிக்கொள்ளும். எண்பது வயதில், இந்த ஓர் அறைக்குள், ஊன்றுகோலோடு சேர்த்து அதையும் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

"என்ன பேச்சு பீனா," என்றாள் அட்ராக்டா. "மழையில அலைஞ்சு தலைவலி. அந்தப் பையன் சொன்னது சரிதான். நான் கரையேறிட்டேன்."

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்பாடா!" பீனா சிலுவை போட்டுக்கொண்டாள். நடுக்கம் நின்றது. "ஒரு நிமிஷம் உசிரே போச்சு. ஆமா, ஏதோ கேக்கணும்னியே?"

அட்ராக்டா ரொட்டியைக் கடித்தாள். "இந்த ரொட்டிக்கு மோர் எவ்வளவு ஊத்தறீங்கன்னு கேக்க வந்தேன்."

காரில் ஏறியதும் பயஸ் ஆவலாகத் திரும்பினார். "அழுதீங்களா?"

"வண்டிய எடுங்க."

"சொன்னீங்களா இல்லையா?"

"ஒரு நிமிஷம்," என்றாள் அவள். கை கார்க் கதவின் பிடியில் இருந்தது. உள்ளே இருந்தபோது உறைக்காதது இப்போது உறைத்தது. பீனா ஒருத்தியிடம் சொன்னது பீனாவோடு நிற்காது. நாளைக் காலை அந்தச் சமையலறையிலிருந்து அது வீடு வீடாகப் போகும், அதுவும் அட்ராக்டாவே வாயால் சொன்னது என்ற முத்திரையோடு. இன்னும் நேரமிருந்தது. இறங்கிப் போய் நாலு வார்த்தை சொன்னால் போதும்.

சமையலறை ஜன்னலில் பீனா தெரிந்தாள். கோப்பையைக் கழுவிக்கொண்டே ஏதோ பாடுகிறாள் என்பது உதட்டசைவில் தெரிந்தது. ஊன்றுகோல் தொட்டியோரம் சாய்ந்து கிடந்தது.

அட்ராக்டா பிடியை விட்டாள். "போகலாம்," என்றாள்.

கடவுள் இதைப் பொய் என்று எழுதிக்கொள்வாரா, வேறு ஏதாவது பெயரில் எழுதிக்கொள்வாரா என்று அவள் வழியெல்லாம் யோசித்தாள். மறுநாள் பூசையில் கேட்டும் பார்த்தாள். பதில் வரவில்லை. ஆனால் கண்டித்த மாதிரியும் இல்லை.

ஓட்டு எண்ணிக்கை விளையாட்டரங்கில் நடந்தது. கூடைப்பந்து வளையங்களுக்குக் கீழே நீள மேசைகள், அவற்றைச் சுற்றி இரும்புத் தடுப்பு. பெட்டியைக் கவிழ்த்துச் சீட்டுகளை விரிக்கும்போது, தடுப்பின்மேல் வயிறு அழுந்தச் சாய்ந்து, ஒவ்வொரு சீட்டிலும் ஒன்றாம் எண் எங்கே என்று கட்சிக்காரர்கள் கண்ணாலேயே பொறுக்குவார்கள். அதிகாரிகள் அறிவிப்பதற்கு வெகு முன்பே அவர்களுக்கு முடிவு தெரிந்துவிடும்.

பிரெண்டன் குடியிருப்பின் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்த பயஸின் முகம் சாம்பலாக இருந்தது.

"ஒண்ணு அவனுக்கு, ரெண்டு உங்களுக்கு. ஒண்ணு அவனுக்கு, ரெண்டு உங்களுக்கு. சீட்டுக்குச் சீட்டு அதேதான். அந்த ரெண்டு இருக்கே, அவ்வளவு அழகா எழுதியிருக்காங்க. பாசத்தோட எழுதின ரெண்டு." அவர் பென்சிலைக் காதில் செருகப் போய்த் தவறவிட்டார். "நேத்து அந்தச் சமையலறையில என்ன பேச்சுன்னு கேட்டேன். நீங்க கரையேறிட்டீங்கன்னு உங்க வாயாலயே கேட்டதா பீனா சத்தியம் பண்ணினாளாம். கிழவிக்குப் புத்தி கலங்கிடுச்சா? நீங்க எங்க சொன்னீங்க?"

"சொன்னேன்."

"என்ன?"

"நான்தான் சொன்னேன், பயஸ். அவங்க ஏற்கெனவே ஓட்டை அனுப்பிட்டாங்க. கை நடுங்கிச்சு. சொன்னேன்."

பயஸ் அவளை வெறித்துப் பார்த்தார். "முப்பது வீடு," என்றார். "ஒரு கிழவியோட கை நடுக்கத்துக்கு முப்பது வீட்டு ஓட்டு." கோபமா அழுகையா என்று அவருக்கே தெரியவில்லை. "அவகிட்ட நான் போய்ச் சொல்லத்தான் போறேன். உன்னாலதான்டி போச்சுன்னு."

"சொன்னீங்கன்னா உங்க கார்ல நான் மறுபடி ஏற மாட்டேன்."

"இனிமே எதுக்கு ஏறப் போறீங்க?" என்றார் அவர். சொன்ன மறுகணமே தலையைத் திருப்பிக்கொண்டு, "டீ கொண்டு வரேன்," என்று போனார். இரண்டு சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தார். அவள் சர்க்கரை போட்டுக் குடிப்பதில்லை. அன்று குடித்தாள்.

மற்ற இடங்களெல்லாம் நிரம்பி, கடைசி ஓர் இடம் மிச்சமிருந்தது. அதற்கு மூன்று பேர் மல்லுக்கட்டினார்கள். கோல்மன், ஒரு சுயேச்சை, அட்ராக்டா. மூவரில் கீழே இருந்தவள் அட்ராக்டா. கோல்மனுக்கும் அவளுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தை ஒரு பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடலாம். பயஸ் கேட்டுக்கொண்டதால் இன்னொரு முறை எண்ணினார்கள். ஒன்றும் மாறவில்லை. அவள் போட்டியிலிருந்து விழுந்தாள். அவளுடைய ஓட்டுகளைப் பிரித்து, அவற்றில் இரண்டாம் எண் யாருக்கோ அவரிடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய எல்லாம் கோல்மனுக்கே போயின. "அட்ராக்டாவுக்கு ஒன்று, கோல்மனுக்கு இரண்டு" என்று அவள் மழையில் வீடு வீடாகக் கொடுத்த தாளிலேயே அச்சடித்திருந்ததே. அவளை நம்பியவர்கள் அவள் சொன்னபடி செய்திருந்தார்கள். அந்த ஓட்டுகளின் தோளில் ஏறித்தான் கோல்மன் சுயேச்சையைத் தாண்டினான்.

அறிவிப்பு வந்ததும் அவன் நேரே அவளிடம் வந்தான். சட்டைக் காலர் வியர்வையில் நனைந்திருந்தது.

"உங்க ஓட்டாலதான் அட்ராக்டா."

"எண்ணத் தெரியும் எனக்கு."

"நான் இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. சத்தியமா. உங்களைக் கொஞ்சம் கீழ இறக்கினாப் போதும், ரெண்டு பேருமே வந்துடலாம்னுதான்…"

"நினைச்சே, கோல்மன். யோசிக்காம யாரும் அவ்வளவு நல்லாப் புகழ மாட்டாங்க." அவள் கையை நீட்டினாள். அவன் பிடித்துக்கொண்டான். அவள் கை சில்லென்றிருந்தது. அதற்குள் அவனுடைய ஆட்கள் ஓடி வந்து அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போனார்கள்.

அவளுடைய பைக்குள் போன் அடித்தது. பீனா.

"ரேடியோவுல என்னமோ சொல்றாங்களே கண்ணு! பொய்தானே?"

"நிஜம்தான் பீனா."

மறுமுனையில் குரல் தாழ்ந்தது. "நான் போட்டது…"

"ஒரு ஓட்டுல என்ன இருக்கு? மலையோரப் பெட்டிங்க காலை வாரிடுச்சு. அங்க எனக்கு எப்பவுமே ஆகாது."

"நம்ம குடியிருப்பு?"

"நம்ம குடியிருப்புல என் பேரு எல்லாச் சீட்டுலயும் இருந்துச்சு," என்றாள் அட்ராக்டா. இதில் பொய் ஒரு சொல்லும் இல்லை என்பது அவளுக்கு ஒரு சின்ன ஆறுதலாக இருந்தது.

பீனா அழுதாள். அது துக்கத்தின் அழுகைதான், குற்றத்தின் அழுகையில்லை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அட்ராக்டாவின் காதுக்குத் தெரியும். "ஏதாவது சாப்பிட்டியா கண்ணு?" என்று அழுகைக்கு நடுவே பீனா கேட்டாள். காலையிலிருந்து அவளிடம் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை. அட்ராக்டா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"கேக்கவே கூசுது," என்று பீனா கடைசியில் சொன்னாள். "படுக்கையறைக் கூரையில தண்ணி இறங்குது. கவுன்சில் குடுத்த வாடகை வீடு, அவங்கதான் சரி பண்ணணும். இனிமே இதையெல்லாம் யார்கிட்டச் சொல்றது?"

அட்ராக்டா கண்ணை மூடித் திறந்தாள். கோல்மனின் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். பீனா திருப்பிச் சொன்னதைச் சரிபார்த்தாள்.

"அவன் எடுப்பானா?"

"எடுப்பான். இப்பவே போடுங்க."

அரங்கின் மறுகோடியில் கோல்மன் தோள்களின் மேல் ஆடிக்கொண்டிருந்தான். யாரோ பாட்டை எடுத்துக் கொடுக்க, கைகள் உயர்ந்தன. அவன் சட்டைப் பையில் வெளிச்சம் மின்னியது. எடுத்துப் பார்த்தான். தெரியாத நம்பர். திரும்பப் பையில் போட்டுக்கொண்டு கையை ஆட்டினான். கொஞ்ச நேரத்தில் பையில் மறுபடி மின்னியது.

"எங்க போறீங்க?" என்றார் பயஸ்.

கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு அட்ராக்டா போனாள். சிலர் அவளைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தினார்கள். சண்டை வரப்போகிறது என்று எதிர்பார்த்தவர்களும் உண்டு. அவள் கோல்மனின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எடு," என்றாள். "பீனா லாஃப்டஸ். கூரை ஒழுகுது. காது கொஞ்சம் மந்தம், சத்தமாப் பேசு."

அவன் குனிந்து அவளைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றது. பிறகு தோள்களிலிருந்து அவசரமாக இறங்கி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனை எடுத்தான்.

"பீனா! நான்தான் கவுன்…" என்று ஆரம்பித்து, நிறுத்தி, "கோல்மன் பேசறேன்," என்றான். "கேக்குதா? எந்த ரூம்? எங்க ஒழுகுது?"

அடுத்து என்ன கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை. அட்ராக்டாவைப் பார்த்தான்.

"ஒயர் பக்கமா ஒழுகுதான்னு கேளு," என்றாள் அவள். "அப்புறம் கீழ வாளி வச்சிருக்காங்களான்னு கேளு. அவங்களால குனிஞ்சு வைக்க முடியாது."

"வாளி வச்சிருக்கீங்களா பீனா?" என்று அத்தனை கூச்சலுக்கும் நடுவே கோல்மன் டர்க்கன் கத்தினான். "வாளி! வாளி!"